திரும்பி வரும் மின்சாரம்: டிராக்டர் டிரெய்லரின் விளக்குகளும் அவற்றின் பழுதும்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம், போளூர், அவலூர்பேட்டை, வேட்டவலம், திருக்கோவிலூர், தண்டராம்பட்டு எனப் பல திசைகளிலும் பிரிந்து செல்லும் சாலைகளில், நெல் மூட்டையும் வைக்கோலும் உரமும் செங்கல்லும் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. கரும்பு அரவைப் பருவம் தொடங்கிவிட்டால், அனக்காவூரில் இயங்கும் செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலை, மூங்கில்துறைப்பட்டு ஆலை போன்றவற்றை நோக்கிச் செல்லும் வண்டிகளும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. இவற்றில் பல இரவில்தான் நகர்கின்றன. செங்கம் சாலையில் நகரை ஒட்டிய பகுதி, 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையின் ஒரு பகுதியாகவும் இருப்பதால், அங்கே சுமை வண்டியும் இருசக்கர வாகனமும் நடந்து செல்லும் பக்தர்களும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தகைய சாலைகளில் டிரெய்லரின் பின்புறம் எரியும் 5 வாட் சிவப்பு விளக்கு ஓர் அலங்காரம் அன்று; பின்னால் வருபவருடைய உயிர் அதை நம்பியிருக்கிறது.

இந்த நம்பிக்கையை எண்களில் காட்டலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு நொடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் கடக்கிறது. எதிரே ஏதோ நிற்கிறது என்று கண்டு, மூளை அதை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். அதன்பின் உலர்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 23 மீட்டரும், மழை நனைத்த சாலையில் 35 மீட்டரும் தேவைப்படும். ஆக, 50 முதல் 60 மீட்டருக்கு முன்பே டிரெய்லர் கண்ணில் பட வேண்டும். தாழ்த்தி வைத்த முகப்பு விளக்கின் ஒளியில், துருவும் மண்ணும் படிந்த ஓர் இரும்புப் பலகை அந்தத் தொலைவில் தெரிவது அரிது. பின்விளக்கின் சிவப்பொளி 155 மீட்டர் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுவதன் தேவையை இந்தக் கணக்கு உணர்த்துகிறது.

இவ்வளவு முக்கியமான விளக்கு ஏன் இவ்வளவு எளிதில் பழுதாகிறது என்ற கேள்விக்கு விடை காண, அதற்கு மின்சாரம் செல்லும் வழியையும் அது திரும்பி வரும் வழியையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

டிராக்டரின் மின்மூலம் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. அதனுள் உள்ள ஆறு செல்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், முழுமையாக ஏற்றப்பட்ட நிலையில் 12.6 வோல்ட் இருக்கும். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்னேற்றும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி உயரும். மின்சாரம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, பியூஸ், சுவிட்ச், ஒயர் ஆகியவற்றைக் கடந்து பல்புக்குள் நுழைந்து, பின்னர் எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். இந்தச் சுற்று எங்கேனும் அறுந்தால் விளக்கு எரியாது. தாமிரத்தை மிச்சப்படுத்தும் நோக்கில், மோட்டார் வாகனங்களில் திரும்பும் வழிக்குத் தனி ஒயர் இழுக்காமல், வண்டியின் இரும்புச் சட்டத்தையே அந்த வழியாகப் பயன்படுத்தும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. பட்டறைகளில் இதைப் ‘பாடி எர்த்’ என்பார்கள். கார் போன்ற ஒரே உடலாக அமைந்த வண்டியில் இம்முறை நன்றாகவே வேலை செய்கிறது. டிரெய்லரோ டிராக்டரிலிருந்து பிரிந்த இன்னொரு உடல். இரண்டையும் இணைப்பது ஒரு கொக்கியும் அதில் செருகிய பின்னும் மட்டுமே.

டிரெய்லருக்கு எர்த் ஒயர் இழுக்கப்படாவிட்டால், விளக்குகளின் மின்சாரம் முழுவதும் அந்தக் கொக்கியின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அங்கே கிரீஸ் பூசியிருக்கும், துரு பிடித்திருக்கும், நடுவில் மண் புகுந்திருக்கும். கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. துருவும் ஏறத்தாழ அப்படியே. சுமை இழுக்கும்போது இரும்பும் இரும்பும் அழுந்தித் தொட்டுக்கொள்ளும், பள்ளத்தில் இறங்கும்போது விலகும். சாலையில் விளக்கு விட்டுவிட்டு எரிவதையும், பட்டறைக்கு வந்து நிறுத்தியதும் ஒழுங்காக எரிந்து எலக்ட்ரீஷியனைக் குழப்புவதையும் பல நேரங்களில் இதுவே விளக்கிவிடுகிறது.

எர்த் பழுதின் வினோதமான அறிகுறிகள் இன்னும் சில உண்டு. டிரெய்லரின் பின்புறம் பொருத்தப்படும் பல்புகளில் பல 21/5 வாட் வகையைச் சேர்ந்தவை. அதாவது ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் பிரேக்குக்கு 21 வாட் இழையும், டெயில் விளக்குக்கு 5 வாட் இழையும் இருக்கும், இரண்டுக்கும் பொதுவான எர்த் முனை அந்தப் பல்பின் பித்தளைத் தொப்பியே. தொப்பியின் இரு பக்கப் பொட்டுகளும் வெவ்வேறு உயரத்தில் அமைக்கப்பட்டிருப்பது, பல்பைத் திருப்பிப் போட்டு இழைகளை மாற்றிவிடாமல் இருக்கத்தான். இப்போது அந்தத் தொப்பிக்குச் செல்லும் எர்த் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். மின்சாரம் 21 வாட் இழைக்குள் நுழைந்து தொப்பியை அடைகிறது. அங்கிருந்து சட்டத்துக்குப் போக வழியில்லை. ஆனால் 5 வாட் இழை அதே தொப்பியில்தான் தொடங்குகிறது. ஆகவே மின்சாரம் அதன் வழியே எதிர்த்திசையில் ஓடி, டெயில் விளக்கின் ஒயரில் ஏறி, டிராக்டரிலேயே உள்ள டெயில் விளக்குகளைக் கடந்து, அவற்றின் நல்ல எர்த் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. தடை குறைந்த 21 வாட் இழை இந்தச் சிறிய மின்னோட்டத்தில் சூடேறாமல் இருட்டாகவே இருக்கும். தடை மிகுந்த 5 வாட் இழை மங்கலாக எரியும். பிரேக் மிதித்தால் பிரேக் விளக்கு எரியாமல் டெயில் விளக்கு மினுங்குவதும், டிராக்டரின் நம்பர் பிளேட் விளக்கு காரணமின்றி லேசாக ஒளிர்வதும், இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கும் சேர்ந்து சிமிட்டுவதும் இவ்வாறு நேர்பவையே.

இதைக் கண்டு ஒயர்கள் மாறிப்போய்விட்டன என்று முடிவுகட்டி, ஒழுங்காக இருந்த இணைப்புகளையெல்லாம் அறுத்து மாற்றிப் போடுபவர்கள் உண்டு. ஒரு விளக்குக்கான சுவிட்சைப் போட்டால் இன்னொரு விளக்கு எதிர்வினை காட்டுமானால், முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்தை.

எர்த் முற்றிலும் அறுந்துவிடாமல் அரைகுறையாக இருக்கும் நிலை இதைவிடப் பரவலானது, கண்டுபிடிக்கவும் கடினமானது. ஜெர்மானிய இயற்பியலாளர் கேயார்க் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இங்கே துணை வருகிறது: மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 12 வோல்ட்டில் எரியும் 21 வாட் இழை 1.75 ஆம்பியர் எடுத்துக்கொள்வதால், எரியும் நிலையில் அதன் தடை ஏறத்தாழ 6.9 ஓம். எர்த் திருகாணியின் அடியில் படிந்த துரு 2 ஓம் தடையை மட்டும் சேர்த்தால் போதும். மொத்தத் தடை 8.9 ஓம் ஆகி, பல்புக்குக் கிடைப்பது 9.3 வோல்ட்டாகக் குறைந்து, எஞ்சிய 2.7 வோல்ட் துருவைச் சூடாக்குவதிலேயே வீணாகும். மின்னழுத்தம் கால்பங்குக்கும் சற்றுக் குறைவாகவே விழுந்திருக்கிறது என்று அமைதியடைய முடியாது. டங்ஸ்டன் இழையின் ஒளி மின்னழுத்தத்தின் நேர்விகிதத்தில் மாறுவதன்று. ஏறத்தாழ அதன் மூன்றரை மடிப் பெருக்கத்தின்படி மாறுவது. எனவே 9.3 வோல்ட்டில் கிடைக்கும் வெளிச்சம், 12 வோல்ட்டில் கிடைப்பதில் பாதிக்கும் கீழே. விளக்கு ‘எரிகிறது’, ஆனால் 60 மீட்டர் தொலைவில் பனியிலும் மழையிலும் அது யாருக்கும் பிரேக் விளக்காகத் தோன்றாது.

இந்த இடத்தில்தான் மல்டிமீட்டர் பலரை ஏமாற்றுகிறது. பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் நடுமுனையிலும் அதன் உலோகக் கூட்டிலும் மீட்டரின் முனைகளை வைத்தால் 12 வோல்ட் என்றே காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உட்தடை 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைச் சுற்றியே இருக்கும். அவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு 2 ஓம் துரு ஒரு பொருட்டே இல்லை. 1.75 ஆம்பியர் ஓட வேண்டிய நேரத்தில்தான் அந்தத் துரு தன் குணத்தைக் காட்டும். ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயரும் இதேபோல மீட்டருக்கு முழு ஒயராகத் தெரியும்.

ஆகவே சோதனை எப்போதும் விளக்கு எரியும் நிலையில் நடக்க வேண்டும். பல்பைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை ஒரு நீண்ட ஒயரால் பேட்டரியின் எதிர்முனையோடு இணைத்துக்கொண்டு, சிவப்பு முனையை எரியும் பல்பின் தொப்பியில் தொட்டுப் பார்க்க வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் அளவு சுழியத்தை ஒட்டியிருக்கும். அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். 2 வோல்ட் காட்டினால் அந்த 2 வோல்ட் திரும்பும் பாதையில் எங்கோ தொலைந்துகொண்டிருக்கிறது. பின்பு சிவப்பு முனையைத் தொப்பியிலிருந்து ஹோல்டர் கூட்டுக்கும், அங்கிருந்து விளக்கைத் தாங்கும் தகட்டுக்கும், சட்டத்துக்கும், இழுவைக் கம்பிக்கும், கடைசியில் டிராக்டரின் உடலுக்கும் படிப்படியாக நகர்த்திக்கொண்டு போனால், எந்த இரு புள்ளிகளுக்கு நடுவே அளவு சட்டென்று விழுகிறதோ அங்கேதான் பழுது. மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை எனப்படும் இந்த முறை, பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஹோல்டரின் நடுமுனை வரையுள்ள போகும் பாதைக்கும் அப்படியே பொருந்தும். மீட்டர் கையில் இல்லாதபோது, ஒரு தடித்த ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையைப் பல்பின் தொப்பியிலும் தொட்டுப் பார்த்தாலே, விளக்கு பளிச்சென்று பிரகாசமாவதைக் கொண்டு எர்த் குறையை உறுதிசெய்துகொள்ளலாம்.

தேடலின் தொடக்கத்தில் டிராக்டரையும் டிரெய்லரையும் பிரித்துப் பார்ப்பது நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும். இரண்டுக்கும் நடுவே உள்ள ஏழு முனைச் சாக்கெட்டைக் கழற்றி, டிராக்டர் பக்கத்து முனைகளில் ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால், குறை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். 12 வோல்ட் வண்டிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 1724இன்படி, 1ஆம் முனை இடது இண்டிகேட்டருக்கும், 3ஆம் முனை எர்த்துக்கும், 4ஆம் முனை வலது இண்டிகேட்டருக்கும், 5ஆம் முனை வலது டெயில் விளக்குக்கும், 6ஆம் முனை பிரேக்குக்கும், 7ஆம் முனை இடது டெயில் விளக்குக்கும் உரியவை. 2ஆம் முனை மூடுபனி விளக்குக்கு ஒதுக்கப்பட்டது. ஆயினும் உள்ளூர்ப் பட்டறைகளில் கட்டப்பட்டுப் பலமுறை ஒயர் மாற்றப்பட்ட டிரெய்லர்களில் இந்த ஒழுங்கும், எர்த்துக்கு வெள்ளை, பிரேக்குக்குச் சிவப்பு என்ற நிற ஒழுங்கும் காக்கப்பட்டிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு முனையையும் சோதித்துக் குறித்துக்கொள்வதே பாதுகாப்பானது.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் பழுதின் தன்மை வேறு. எங்கோ ஒயரின் உறை தேய்ந்து, உள்ளிருக்கும் தாமிரம் சட்டத்தைத் தொடுகிறது. தடையே இல்லாத இந்தக் குறுக்குப் பாதையில் பாயும் பெரும் மின்னோட்டம் பியூஸை உருக்குகிறது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தாமிரக் கம்பியைச் சுற்றி வைப்பது, உருக வேண்டிய பொறுப்பைப் பியூஸிலிருந்து ஒயருக்கு மாற்றிவிடுகிறது. ஒயரின் மேலே இருப்பது காய்ந்த வைக்கோலோ கரும்புச் சோகையோ என்றால் அதன் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதற்கு நல்ல வழி, பியூஸின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பை இணைப்பது. குறுக்குப் பாதை இருக்கும் வரை அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மின்னோட்டமும் 1.75 ஆம்பியரைத் தாண்டாது. பிறகு டிரெய்லர் பிளக்கைக் கழற்றியும், ஒயரை ஒவ்வோர் இடமாக அசைத்தும் பார்க்கும்போது, பல்பு மங்கும் இடத்தில் குற்றவாளி அகப்படும். பெரும்பாலும் அது சட்டத்தின் துளையில் ஒயர் உரசும் இடமாகவோ, டிப்பர் பெட்டி ஏறி இறங்கும் கீல் அருகிலோ இருக்கும். அங்கே கை வைப்பதற்கு முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுப்பதும், தூக்கிய பெட்டியை ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி விடாமல் இரும்புத் தாங்கலில் நிறுத்துவதும் கட்டாயம்.

இணைப்புகள் ஏன் கெடுகின்றன என்பதற்கு வேதியியல் விடை தருகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின்போது சக்கரம் வாரியிறைக்கும் சேற்று நீர், ஒயர் முறுக்கிய இடத்திலும் ஹோல்டரின் உள்ளேயும் புகுகிறது. தூய நீரைவிட உப்பு கலந்த நீர் பன்மடங்கு கெடுதல் செய்யும்; டிரெய்லரில் ஏற்றப்படும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பேயாதலால், சிந்திய உரம் மழைநீரில் கரைந்து இடுக்குகளில் இறங்கும்போது, இரும்பும் தாமிரமும் பித்தளையும் தொட்டுக்கொள்ளும் ஒவ்வோர் இடமும் அரிமானத்துக்கு ஆளாகிறது. பலஇழை ஒயரின் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் நுண்புழை ஏற்றத்தால் ஊர்ந்து உள்ளே செல்வதால், முனையில் பச்சையாகத் தெரியும் தாமிரம், உறையைச் சீவிப் பார்த்தால் வெகுதூரம் உள்ளேயும் கறுத்திருக்கும். கறுத்த பகுதியை முழுவதும் வெட்டியெறிந்துவிட்டுப் பளபளப்பான தாமிரம் தெரியும் இடத்தில்தான் புதிய இணைப்பைத் தொடங்க வேண்டும்.

வெறும் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு, திருவண்ணாமலையின் கோடை வெயிலில் பசை இளகி அவிழ்ந்து, அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஒயர் முனையில் லக் வைத்து அழுத்தி இறுக்குவதோ, ஈயம் பற்றவைத்து அதன்மேல் சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்துவதோ நீடித்து உழைக்கும். ஈயம் வைத்த இடம் விறைத்துப்போவதால், அந்த விறைப்பு முடியும் விளிம்பில் அதிர்வினால் இழைகள் ஒவ்வொன்றாக முறியக்கூடும். ஆகையால் அதன் இரு பக்கங்களிலும் ஒயரைச் சட்டத்தோடு கட்டித் தாங்க வேண்டும். எர்த் திருகாணி அமரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியச் செய்து, இறுக்கியபின் மேலே வாசலின் பூசினால் ஈரம் அண்டாது. பூசுவது இறுக்கிய பிறகு என்பதில் கவனம் வேண்டும்.

இத்தனையிலும் மிகுந்த பயன் தரும் ஒரே திருத்தம், கொக்கியை நம்புவதை விட்டுவிட்டு டிரெய்லரின் பின்விளக்குகள் வரை தனி எர்த் ஒயர் இழுப்பதுதான். அது மற்ற ஒயர்களைவிடத் தடித்திருக்க வேண்டும். ஏனெனில் இரண்டு பிரேக் இழைகள், இரண்டு டெயில் இழைகள், ஓர் இண்டிகேட்டர் எனச் சேர்ந்து எரியும் 73 வாட்டுக்கும் உரிய 6 ஆம்பியர் மின்னோட்டம் முழுவதும் அந்த ஒன்றன் வழியாகவே திரும்புகிறது. 8 மீட்டர் நீளத்துக்கு அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.34 வோல்ட்டுக்குள் அடங்கும். டிரெய்லரில் எங்கேனும் ஆர்க் வெல்டிங் செய்ய நேர்ந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும். இல்லையெனில் வெல்டிங்கின் பெரும் மின்னோட்டம் இந்த எர்த் ஒயரைத் திரும்பும் வழியாக எடுத்துக்கொண்டு அதை எரித்துவிடக்கூடும்.

எல்இடி விளக்குகள் இப்போது பழைய பல்புகளின் இடத்தைப் பிடித்துவருகின்றன. அவை எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. அதிர்வில் முறியும் இழை அவற்றில் இல்லை. டங்ஸ்டன் இழை சூடேறி முழு ஒளிக்கு வர ஏறத்தாழ 0.2 நொடி எடுத்துக்கொள்ள, எல்இடி உடனே ஒளிர்வதால், 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு மூன்று மீட்டருக்கும் மேல் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. பழைய பிளாஷர் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தைப் பல்பு போய்விட்டதாகப் புரிந்துகொண்டு வேகமாகச் சிமிட்டத் தொடங்குவதும் உண்டு. எல்இடிக்கு உரிய பிளாஷரை மாற்றினால் அது சரியாகிவிடும்.

ஒயரிங் முழுவதும் சீராக இருந்தாலும், பின்பலகையைத் தாண்டித் தொங்கும் கரும்பு விளக்குகளை மறைத்துவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். சுமை ஏற்றி முடித்தபின், வண்டிக்குப் பின்னே ஐம்பது அறுபது அடி தள்ளி நின்று, ஒருவர் பிரேக் மிதிக்க மற்றவர் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பின்பலகையில் பதித்த சிவப்புப் பிரதிபலிப்பான்களையும் அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். தன்மேல் விழும் முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்படி நுண்ணிய மூலைகளால் அமைக்கப்பட்ட அவற்றுக்கு ஒயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், மேலே சேறு படியாமல் இருந்தால் போதும்.